குஸ்திக்கு வந்த தாய்மாமன் சீர்

வாய் பேசாதவனை எங்கள் பக்கத்தில் நல்ல மனுஷன் என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால், மலையாள எல்லைக்குள் தமிழ் பேசுகிற எங்கள் எருத்தேன்பதி பஞ்சாயத்தில் என்னைவிட நல்ல மனுஷன் கிடையாது. ஆனால் உண்மையில் எனக்கு நல்லதனமெல்லாம் ஒன்றும் இல்லை. கூச்சம், அவ்வளவுதான்.

பஸ்ஸில் போனால் எங்கள் நிறுத்தம் வரும்போது “ஆளிறங்கணும்” என்று ஒரு குரல் கொடுக்க வேண்டும். அந்த ஒரு சொல் என் தொண்டையில் ஏறி நாக்கு வரைக்கும் வரும். அங்கேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப இறங்கிவிடும். வேறு யாராவது இறங்கினால் நானும் இறங்குவேன். இல்லாவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, அங்கே ஏதோ வேலை இருந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டு நடந்து வருவேன்.

ஒருமுறை முடிவெட்டுகிறவர் யாரிடமோ பேசிக்கொண்டே என் மீசையில் கத்தியை வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல நான் தயாராவதற்குள் பாதி போய்விட்டது. மீதியை நானே திருப்பிக் காட்டினேன். “நல்லா இருக்குதுங்க” என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். (வீட்டில் அன்றைக்கு எங்கள் நாயே என்னைப் பார்த்துக் குரைத்தது.)

நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றதற்கு வீட்டு நிலைமை பாதிக் காரணம். வாத்தியார் பெயர் கூப்பிடும்போது “உள்ளேன் ஐயா” சொல்லப் பயந்து, வகுப்பில் இருந்துகொண்டே வராதவனாக ஆனது மீதிக் காரணம். அதன் பிறகு மட்டை மில்லில் சேர்ந்தேன். தேங்காய் மட்டையை நாராக அடிக்கிற இயந்திரம் போடும் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. கடவுள் எனக்காகவே யோசித்து வைத்த உத்தியோகம் அது.

இப்படிப்பட்ட எனக்குத்தான் கோகிலா பிறந்தாள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். பலமும் அப்படித்தான். எங்கள் கன்றுக்குட்டிக்குப் பூச்சி மருந்து ஊற்ற வேண்டும் என்றால் முன்பெல்லாம் நானும் என் மனைவி சரசுவும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து மல்லுக்கட்டுவோம். கடைசியில் மருந்து எங்கள் மூன்று பேர் மேலும் இருக்கும், கன்றின் வாயில் மட்டும் இருக்காது. கோகிலா கொஞ்சம் வளர்ந்ததும் அந்த வேலையைத் தனியாக எடுத்துக்கொண்டாள். கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ சொல்வாள். ஒரு முன்னங்காலை மடக்கித் தோளால் ஒரு சாய்ப்புச் சாய்ப்பாள். கன்று படுத்திருக்கும். எப்படிப் படுத்தோம் என்று கன்றுக்கே தெரியாது.

அவள் பள்ளிக்கூடத்துக்கு ரெஜினா டீச்சர் என்று ஒரு விளையாட்டு டீச்சர் வந்தார். அவர் பெண்பிள்ளைகளுக்குக் குஸ்தி சொல்லிக் கொடுக்க ஆரம்பித்ததும், எங்கள் கன்று தப்பித்தது, நான் மாட்டிக்கொண்டேன். மில்லுக்குப் பின்னால் நார்த்தூள் மலை மாதிரி குவிந்து கிடக்கும். காலை வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும். அதன் மேல் தார்ப்பாயை விரித்து, சாயங்காலம் கோகிலா பழகுவாள். எதிராளி நான். வேலை முடித்துக் களைத்து வந்தவனைத் தூக்கிப் போட்டுவிட்டு, “வலிக்குதுங்களாப்பா?” என்று கேட்பாள். “இல்ல அம்மிணி” என்பேன். வலிக்கிறது என்று சொல்லவும் எனக்குக் கூச்சம்.

அவள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் தாலுகா ஊரான சித்தூரில் ஜில்லா போட்டி வந்தது. ஜெயிக்கிறவள் மாநிலப் போட்டிக்குப் போவாள். ரெஜினா டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் மலையாளி. எங்களுக்காகத் தமிழில் பேசப் பார்ப்பார். ‘களி’ என்றால் விளையாட்டு, ‘போரா’ என்றால் போதாது என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

“கோகிலயுடெ அச்சா, இவள் நல்லா களிக்கும். ஆனா நான் மாத்திரம் போரா. வீட்டுக்காருடெ சப்போர்ட் வேணும்.”

சரசு காப்பி டம்ளரை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். “எங்கண்ணன் செரின்னாச் செரிங்க டீச்சர். அண்ணன் வேண்டான்னுட்டா, இவ கால் அந்தக் குஸ்தி மெத்தைல படக்கூடாது.”

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் கன்றைப் பார்த்தேன்.

சரசுவின் அண்ணன் ஆறுச்சாமி மச்சான், தேங்காய் வியாபாரி. வண்டிப் பந்தயத்துக்கு ஓடுகிற காளைகள் ஒரு ஜோடி வைத்திருப்பவர். காளையின் கொம்பைவிடப் பெரிய மீசை. கோகிலா ஒருநாள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பள்ளி மைதானத்தில் ஓடுவதைப் பார்த்துவிட்டு, “புள்ளைக்குத் துணி பத்தலீங்களா மாப்ள?” என்று கேட்டு, அன்றைக்குச் சாயங்காலமே மூன்று பாவாடை எடுத்து அனுப்பியவர். அவரிடம் போய்க் குஸ்தி உடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அந்த அரைக்கால் சட்டைக்குத் தங்கச்சி.

“அப்பா, நீங்கதான் மாமன்கிட்டப் பேசோணும். நான் பேசுனாச் சண்ட வந்துரும்” என்றாள் கோகிலா.

“எப்படி அம்மிணி பேசறது?”

“வாயாலதானுங்கப்பா.”

எனக்கு அதுதானே பிரச்சினை! ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்ல முடியவில்லை. (முடியாது என்பதையும் வாயால்தான் சொல்ல வேண்டும்.)

இந்த இடத்தில் மச்சானின் மனக்குறை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோகிலா பெரியவளானது கொரோனாவுக்கு ஊரே கதவை அடைத்திருந்த நேரம். எங்கள் பக்கத்தில் பெண் பெரியவளானால் தாய்மாமன்தான் கதாநாயகன். பச்சைத் தென்னோலையில் அவளுக்குக் குடிசை கட்டுவது மாமன். பட்டு, மாலை, வளையல், பலகாரம் என்று தட்டுத் தட்டாகச் சீர் எடுத்து, மேளத்தோடு ஒரம்பரையை, அதாவது சொந்தபந்தத்தை, கூட்டிக்கொண்டு வருவதும் மாமன். தெரட்டிச் சீர் என்போம். பாவம் மச்சான், முகக்கவசத்தோடு வந்து வாசலில் நின்று, ஒரு சேலையைக் கையை நீட்டிக் கொடுத்துவிட்டு, கையில் மருந்து தேய்த்துக்கொண்டு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொள்வார். “எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி, அவளுக்கு ஒரே புள்ள. அதுக்கொரு சீர் செய்யக் குடுப்பினை இல்லாமப் போச்சுங்க மாப்ள.”

சரி, மச்சான் வீட்டுக்குக் கிளம்பினேன். இவ்வளவு பெரிய காரியம் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போவதா என்று சரசு ஒரு தட்டு வைத்தாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், ஒரு முழம் மல்லிகை. “நானும் அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறனுங்க” என்றாள். எனக்குப் பாதி உயிர் வந்தது. குஸ்தி விஷயத்தை அவள் போனில் சொல்லிவிடுவாள், நான் தட்டைக் கொடுத்துத் தலையாட்டிவிட்டு வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அவளோ, “அவரு ஒரு முக்கியமான விசயமா வர்றாரு, நேர்லயே சொல்லுவாருங்கண்ணா” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். நான் பேசிக்கொள்வேன் என்று அவள் நம்பியிருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும்!

மச்சான் காளைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“வாங்க மாப்ள. என்னுங்க, தட்டெல்லாம் எடுத்துட்டு?”

நான் தட்டை நீட்டினேன். வாயைத் திறந்தேன்.

“பாப்பாவுக்கு...” என்றேன்.

அதற்கு மேல் வரவில்லை. தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். மச்சான் வெற்றிலையைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அவ்வளவு பெரிய மீசைக்கு மேலே இரண்டு கண்ணும் கலங்கிவிட்டது. இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

“தங்கமணீ! இங்க வா. மாப்ள பாப்பாவுக்குத் தட்டு கொண்டாந்திருக்கறாரு!” என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். என் பக்கம் திரும்பினார். “நாஞ் செய்யாம வேற ஆருங்க மாப்ள செய்வா? எத்தன வருசமாக் காத்துட்டிருக்கறன்!”

எனக்கு ஒரே ஆச்சரியம். இந்த மனுஷன் இத்தனை வருஷமாகக் குஸ்திக்கா காத்துக்கொண்டிருந்தார்? மீசையை வைத்து ஒரு ஆளைத் தப்பாக எடை போட்டுவிட்டோமே என்று வருந்தினேன்.

“எப்பங்க?” என்று கேட்டார் மச்சான்.

“வர்ற ஞாயித்துக்கெழமைங்க.”

“ஊட்லீங்களா?”

“சித்தூர்லங்க.”

“மண்டபமா?”

“பெரிய மண்டபமுங்க.”

“கூட்டம் வருமுங்களா?”

“ஜில்லாவே வருமுங்க.”

மச்சான் நெஞ்சை நிமிர்த்தினார். இதில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன். அன்றைக்கு அங்கே எனக்குப் பருப்புக்கும் ரசத்துக்கும் தனித்தனியாக நெய் ஊற்றினார்கள். போதும் என்று சொல்லாததால் நிறைய ஊற்றினார்கள்.

இரண்டு நாள் கழித்து மச்சானின் மனைவி தங்கமணி அக்கா சரசுவுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“பாப்பாவுக்கு என்ன கலர்ல எடுக்கறதுன்னு உங்கண்ணன் கேக்கச் சொன்னாரு.”

குஸ்தியில் ஒருத்திக்குச் சிவப்பு உடுப்பு, ஒருத்திக்கு நீலம் என்று கோகிலா சொல்லியிருந்தாள். அதனால் சரசு, “செவப்பா நீலமான்னு அங்க போனாத்தான் தெரியுமாமுங்க அண்ணி” என்றாள்.

“இதென்ன புதுப் பழக்கமா இருக்குது! செரி உடு, ரெண்டுமே எடுத்தர்றோம்.”

போனை வைத்துவிட்டுச் சரசு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை. “எங்கண்ணன் குஸ்தித் துணி எடுத்துத் தர்றாருங்க! நீங்க வாயத் தொறந்தா எப்படி இருக்குது பாருங்க. இத்தன நாளும் பேசாமயே இருந்துட்டீங்களே!”

கோகிலா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். (பழக்க தோஷத்தில் அப்படியே சாய்த்தும் விட்டாள்.) தரையில் கிடந்தபடி நான் பெருமையாகச் சிரித்தேன். ஒரு மனுஷன் ஒன்றும் பேசாமலே பேச்சாளன் ஆக முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை. சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்து உள்ளரங்கு. நடுவில் பெரிய மெத்தை, சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள். நானும் சரசுவும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தோம். மச்சானை இன்னும் காணவில்லை. கோகிலா முதலில் ஒருத்தியைச் சாய்த்தாள். பிறகு இன்னொருத்தியை. மதியத்துக்குள் இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். எனக்கு வேர்த்து ஊற்றியது. கைதட்டலாமா என்று அக்கம்பக்கம் பார்த்தேன். மற்றவர்கள் தட்டி முடித்த பிறகு மெதுவாக இரண்டு தட்டு தட்டினேன்.

இறுதிச் சுற்றில் எதிராளி ஒத்தப்பாலம் பக்கத்திலிருந்து வந்த பெண். நல்ல உயரம். அவளுக்கு நீலம், கோகிலாவுக்குச் சிவப்பு. ஆரம்பித்ததுமே அந்தப் பெண் கோகிலாவின் காலை வாரிக் குப்புறத் தள்ளி, முதுகின் மேல் ஏறிக்கொண்டாள். புள்ளிகள் நீலத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. கோகிலா மெத்தையோடு மெத்தையாக ஒட்டிக்கொண்டு கிடந்தாள். சரசு என் கையை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மேளம் கேட்டது.

முதலில் வெளியே ரோட்டில் கல்யாண ஊர்வலம் ஏதோ போகிறது என்று நினைத்தேன். சத்தம் போகவில்லை, வந்தது. நாகஸ்வரம் கேட்டது. அரங்கின் பெரிய கதவு இரண்டு பக்கமும் திறந்தது.

முன்னால் தவில். அதற்குப் பின்னால் பட்டு வேட்டியில் மச்சான், கையில் ஆளுயர ரோஜா மாலை. அவருக்குப் பின்னால் பட்டுச்சேலை கட்டிய ஒரம்பரைப் பெண்கள், ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு தட்டு. லட்டு, அதிரசம், வளையல், ஆப்பிள், சர்க்கரைப் பொட்டலம். இரண்டு பேர் ஒரு முழு வாழைத்தாரைக் கழியில் மாட்டித் தூக்கி வந்தார்கள். கடைசியாக, பச்சைத் தென்னோலைக் கட்டு தலைக்கு ஒன்றாக நாலைந்து ஆட்கள்.

அந்த ஓலைக் கட்டைப் பார்த்ததும்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. நாற்காலிக்கு அடியில் போய்விட இடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இல்லை.

“ஏனுங்க,” சரசு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கேட்டாள், “எங்கண்ணன்கிட்ட என்னதான் சொன்னீங்க?”

“ஒண்ணுஞ் சொல்லல சரசு” என்றேன். என் வாழ்க்கையில் அதைவிட உண்மையான வாக்கியம் நான் பேசியது இல்லை.

நடுவர் விசில் ஊதிப் போட்டியை நிறுத்தினார். “இதெந்தா, கல்யாணமோ?” என்றார். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிகள் எழுந்து நின்றார்கள். ரெஜினா டீச்சர் தலையில் கை வைத்தார். நாகஸ்வரக்காரர் மட்டும், எடுத்த பாட்டைப் பாதியில் விடக் கூடாது என்று ஊதிக்கொண்டிருந்தார்.

மச்சான் அரங்கின் நடுவைப் பார்த்தார். தன் மருமகள் இறுக்கமான சிவப்பு உடுப்பில் குப்புறக் கிடப்பதையும், அவள் முதுகில் முன்பின் தெரியாத ஒரு பெண் ஏறி உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். மாலை கையிலிருந்து நழுவியது. மறுபடி பிடித்துக்கொண்டார்.

“அடியே! ஆருடி அவ, எம்புள்ள மேல உக்காந்திருக்கறவ! எந்திரிடீ!”

மெத்தையை நோக்கி ஒரே ஓட்டம். ரெஜினா டீச்சர் குறுக்கே பாய்ந்து, “செருப்பு! மெத்தையில் செருப்பிட்டு கேறருது!” என்று கத்தினார். மச்சான் சட்டென்று நின்றார். குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்தார். (எவ்வளவு கோபம் வந்தாலும் மரியாதை தெரிந்தவர்.) அப்புறம் மறுபடியும் ஓட்டத்தை ஆரம்பித்தார். பாதி வழியில் என்னைப் பார்த்துவிட்டார்.

“மாப்ள! நடு மண்டபத்துல புள்ளயப் போட்டு அமுக்கிட்டு இருக்கறா ஒருத்தி, நீங்க உக்காந்து வேடிக்க பாக்கறீங்களா!”

கோபத்திலும் ‘ங்க’ போகாது. அது எங்கள் பக்கத்து வழக்கம்.

நீலப் பெண்ணின் பயிற்சியாளர் மேசைக்கு ஓடிப் புகார் சொல்ல ஆரம்பித்திருந்தார். ஒரு அதிகாரி கோகிலாவைக் கை காட்டி ஏதோ சொன்னார். மச்சான் மெத்தையில் கால் வைத்தால் கோகிலாவைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள் என்று எனக்குப் புரிந்தது. கோகிலா மெத்தையில் மண்டி போட்டபடி என்னைப் பார்த்தாள். அவ்வளவு பேசுகிற பிள்ளை ஒன்றும் பேசவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

பஸ்ஸில் தொண்டையில் ஏறித் திரும்பி இறங்குமே, அது ஏறியது. நாக்கு வரைக்கும் வந்தது. எட்டிப் பார்த்தது. பிறகு என்ன ஆனதென்று தெரியவில்லை.

“உக்காருங்க மச்சான்!”

மட்டை மில் சத்தத்துக்கு நடுவே இத்தனை வருஷம் அடக்கி வைத்த குரல் மொத்தமும் ஒரே தடவையில் வெளியே வந்துவிட்டது. கூரைத் தகரத்திலிருந்து இரண்டு புறா பறந்தது. நாகஸ்வரம் நின்றது. மச்சான் நின்ற இடத்திலேயே மாலையோடு தரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்துத் தட்டு வைத்திருந்த பெண்கள் உட்கார்ந்தார்கள். தவில்காரர் உட்கார்ந்தார். ஓலைக்கட்டு உட்கார்ந்தது. எழுந்து நின்ற அதிகாரிகளும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார்கள். நின்றது நான் ஒருவன் மட்டும்.

நின்றாகிவிட்டது. இனிப் பேசித்தானே ஆக வேண்டும்?

“மச்சான், இது சீர் இல்லீங்க. குஸ்திப் போட்டி. பாப்பா குஸ்தி புடிக்கறா. அதச் சொல்லத்தான் அன்னைக்குத் தட்டு கொண்டாந்தனுங்க. வாய் வல்லீங்க. இப்பச் சொல்றனுங்க. நீங்க செரின்னாச் சந்தோசமுங்க.” மூச்சு வாங்கியது. “வேண்டாமுன்னாலும், இன்னைக்கு அவ புடிச்சு முடிச்சுட்டுத்தானுங்க வருவா.”

சரசு முந்தானையை விலக்கி என்னைப் பார்த்தாள். அவள் கட்டிக்கொண்ட ஆள் இவன்தானா என்று சந்தேகமாக இருந்திருக்கும். எனக்கும் இருந்தது.

மச்சான் தரையில் உட்கார்ந்தபடி கோகிலாவைப் பார்த்தார். அவளுடைய உடுப்பைப் பார்த்தார். மீசை துடித்தது. மெத்தைக்கு அந்தப் பக்கம் புள்ளி காட்டுகிற பலகையைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“செவப்பு எத்தன, நீலம் எத்தன?”

“நீலந்தான் முன்னால இருக்குதுங்க.”

“அப்படின்னா?”

“பாப்பா தோத்துட்டிருக்கறாங்க.”

“தோக்கறாளா!” மச்சான் பாதி எழுந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார். “ரெண்டு வேன்ல ஒரம்பரையக் கூட்டிட்டு, மேளத்தோட வந்திருக்கறன். அத்தன பேரு முன்னால எம்புள்ள தோக்கறதா? அம்மிணீ! பொறவு பேசிக்கலாம் மத்ததெல்லாம். மொதல்ல அவளப் பொரட்டு!”

இப்படித்தான் மச்சானின் சம்மதம் கிடைத்தது.

மேசையில் கொஞ்ச நேரம் கூடிப் பேசினார்கள். நாகஸ்வரம் வந்தால் என்ன செய்வது என்று குஸ்தி விதியில் எங்கேயும் இல்லையாம். எடுத்த புள்ளிகள் அப்படியே இருக்கட்டும், விட்ட நிலையிலேயே மறுபடி தொடங்கலாம், மேளம் மட்டும் கூடாது என்று முடிவு செய்தார்கள். நீலப் பெண் மறுபடி கோகிலாவின் முதுகில் கையை ஊன்றினாள். விசில்.

மச்சானுக்குத் தெரிந்ததெல்லாம் காளை. “கழுத்தக் குடுக்காதே! திமிலப் புடி!” என்று ஆரம்பித்தார். அந்தப் பெண்ணுக்குத் திமில் எங்கே இருக்கிறது? தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பட்டுச்சேலைகள் எல்லாம் “அமுக்கு! அமுக்கு!” என்றன. யாரை யார் அமுக்க வேண்டும் என்று அவர்களுக்கு இன்னும் தெளிவாகவில்லை. தவில்காரர் கையைக் கட்டுப்படுத்த முடியாமல் தன் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

கோகிலா எப்படியோ உருண்டு விலகி எழுந்துவிட்டாள். இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள். நீலப் பெண் மறுபடி காலுக்குக் குனிந்தாள். கோகிலா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை சாயங்காலம் நார்த்தூளில் நான் மேலே பார்த்தபடி கிடந்திருக்கிறேன்! ஒரு காலை மடக்கினாள். தோளால் ஒரு சாய்ப்பு.

நீலப் பெண் படுத்திருந்தாள். எப்படிப் படுத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு தோளும் மெத்தையில். நடுவர் குனிந்து பார்த்தார், மெத்தையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். விசில் ஊதினார். புள்ளி எத்தனையாக இருந்தாலும் தோள் இரண்டும் பட்டுவிட்டால் அதோடு முடிந்தது.

நடுவர் கோகிலாவின் கையை உயர்த்தியதும் மேளத்தை யாராலும் தடுக்க முடியவில்லை. தடுக்க வேண்டியவர்களே கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தட்டினேன், அக்கம்பக்கம் பார்க்காமல்.

மச்சான் என் பக்கம் வந்தார். “மாப்ள, இப்ப எந்திரிக்கலாங்களா?” என்று கேட்டார். எனக்குக் கூச்சம் திரும்பி வந்துவிட்டது. தலையை ஆட்டினேன்.

“கொண்டாந்த சீரத் திருப்பி எடுத்துட்டுப் போற பழக்கம் எங்க வமுசத்துல இல்லீங்க” என்றார் மச்சான் அதிகாரிகளிடம். ஒரு அதிகாரி கொஞ்ச நேரம்தான் என்று சொல்லி, ஒரு லட்டை எடுத்துக்கொண்டார். மெத்தைக்கு வெளியே ஒரு நாற்காலியைப் போட்டுக் கோகிலாவை உட்கார வைத்து, ரோஜா மாலையைப் போட்டார் மச்சான். தங்கமணி அக்கா குஸ்தி உடுப்பின் மேலேயே சிவப்புப் பட்டைச் சுற்றிவிட்டார். வியர்வை வழிகிற கையில் வளையல் அடுக்கினார்கள். கோகிலா சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கினாள்.

மச்சான் சுற்றிப் பார்த்தார். ஓரத்தில் நீலப் பெண் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“தங்கமணி, அந்த நீலச் சேலை எங்க? அந்தப் புள்ளயும் கூப்புடு. நான்தானே அதப் பாத்துக் கத்துனது? அதுக்கும் ஒரு மாமன் இருக்கறான்னு இருக்கட்டும்.”

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நீலப் பட்டு புரிந்தது. சேலையைச் சுற்றியதும் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது அவளுக்கு. அன்றைக்கு எடுத்த போட்டோ எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது. பட்டுச்சேலைக்குக் கீழே குஸ்திக் காலணியோடு இரண்டு பெண்கள், நடுவில் மச்சான், பக்கத்தில் ரெஜினா டீச்சர் கையில் அதிரசம். நான் எங்கே என்று கேட்டால், வாழைத்தாருக்குப் பின்னால் தெரிகிற காது என்னுடையது.

குடிசை கட்டக் கொண்டுவந்த ஓலையைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. மச்சான் வேனை எங்கள் மட்டை மில்லுக்குத் திருப்பச் சொன்னார். மறுநாள் மட்டை மில் முதலாளியிடம் அவரே பேசி, நார்த்தூள் குவியலைச் சமன்படுத்தி, நாலு மூங்கில் நட்டு, அந்தப் பச்சை ஓலையைக் கூரையாக வேய்ந்துவிட்டார். கோகிலா இப்போது வெயிலிலும் மழையிலும் அங்கேதான் பழகுகிறாள். மாநிலப் போட்டியில் மூன்றாவதாக வந்தாள். இந்த வருஷம் முதலாவது என்கிறாள். ஓலை காய்ந்தால் மச்சான் புது ஓலை வேய்கிறார். பயிற்சிக்கு எதிராளி மட்டும் இன்னும் நான்தான்.

சித்தூர் அரங்கின் கதவில் இப்போது மலையாளத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. வாத்தியக்காரர்கள் உள்ளே வரக் கூடாது என்று. மற்றவர்கள் அதைப் படித்துவிட்டுக் குழம்புவார்கள். எங்கள் ஒரம்பரை மட்டும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

வீட்டில் யாருக்காவது கோபம் வந்து குரல் உயர்ந்தால் போதும், “உக்காருங்க மச்சான்!” என்று மற்றவர்கள் ஒன்றாகக் கத்துவார்கள். மச்சானே கத்துவார். சரசுவுக்கு நல்ல கோபம் வந்த ஒருநாள் கன்றைப் பார்த்துக்கூடச் சொன்னாள்.

இத்தனைக்குப் பிறகு என் கூச்சம் போயிருக்கும் என்று நினைப்பீர்கள். போன வாரம் பஸ்ஸில் வந்தேன். எங்கள் நிறுத்தம் வந்தது. சொல் தொண்டையில் ஏறியது, எட்டிப் பார்த்தது, இறங்கிவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வந்தேன். ஓலைக் கொட்டகை வாசலில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். நான் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்று பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“ஏனுங்க மாப்ள,” என்றார், “அந்த பஸ்ஸையும் உக்காரச் சொல்லியிருக்கலாமில்லீங்களா?”